‘புதையல் தீவை’ விண்வெளிக்கு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சாகசக் கதையை விண்வெளிக்குக் கொண்டுபோகும் அனிமேஷன் குழுக்கள் பெரும்பாலும் முதலில் கப்பலை வரைந்துவிடுகின்றன. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூலக்கதையில் ஆட்கள் எதனால் மாட்டிக்கொள்கிறார்கள்?

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883-இல் நூலாக வந்தது. முன்பின் தெரியாத மாலுமிகள், நடுக்கடல், உடனே சேதி அனுப்ப வழியில்லாத தூரம், எல்லோருக்கும் வேண்டிய ஒரு வரைபடம். கதை ஓடுவது இவற்றால்தான். கப்பலில் ஒரு தொடர்புக் கருவி வைத்தால் கலகம் ஒரே அழைப்பில் அடங்கிவிடும். கண்காணிப்புக் கேமரா வைத்தால், ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி கதைநாயகச் சிறுவன் ஜிம் மாலுமிகளின் சதியைக் கேட்கும் காட்சியே தேவையில்லாமல் போகும். ஆகவே பழைய தடைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் புதிய உலகில் எப்படி நிற்கும் என்று திரைக்கதைக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

டிஸ்னியின் ‘ட்ரெஷர் பிளானட்’ (2002) இதைச் சரியாகச் செய்தது. பீப்பாய் அப்படியே இருக்கிறது, பழம்தான் வேறு. வரைபடம் ஓர் உலோகக் கோளம். கொள்ளையரால் அதைத் திறக்க முடியவில்லை, ஜிம்மால் முடிகிறது. பையனை உயிரோடு கூட்டிப்போக இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பழையதும் புதியதும் எந்த அளவில் கலக்கும் என்பதைக் காட்சிக்குக் காட்சி முடிவு செய்வது அடுத்த தவறு. அந்தப் படத்தில் பழையது 70, புதியது 30 சதவீதம் என்று விதியே வைத்திருந்தார்கள். அங்கே விண்வெளியில் மூச்சு விடலாம். அதனால் தலைக்கவசம் முகத்தை மறைப்பதில்லை, பாய்மரமும் பொருந்துகிறது. ஆனால் மூச்சுத்திணறல் என்ற ஆபத்தை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்று வேண்டும். அவர்கள் ஆளைக் கப்பலோடு கட்டும் உயிர்க்கயிற்றை வைத்தார்கள்: அது அறுந்தால் ஆள் கருந்துளைக்குள் போய்விடுவான்.

பாத்திரங்களைக் குறைக்கத் தயங்க வேண்டாம். மூலக்கதையின் மருத்துவர் லிவ்சியும் பிரபு ட்ரிலானியும் அங்கே டாப்ளர் என்ற ஒரே ஆள். ஆனால் கொள்ளையர் தலைவனான சில்வரை (அந்தப் படத்தில் பாதி உடல் இயந்திரம்) வெறும் வில்லனாக்கினால் கதை செத்துவிடும். ஜிம் மேல் அவனுக்கு உள்ள பாசமும் தங்கத்தின் மேல் உள்ள ஆசையும் இரண்டுமே நிஜமாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தில் அதிகம் சொதப்புவது, கையால் வரைந்ததும் கணினியில் செய்ததும் சேரும் இடம். திரையில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். கையோவியத்தை இரண்டு பிரேமுக்கு ஒன்றாக வரைந்தால் நொடிக்கு 12 ஓவியம்தான். அந்த உடலில் கணினியில் செய்த இயந்திரக் கை 24-இலும் நகரும்போது தோளருகே நடுக்கம் தெரியும். கேமரா நகரும் ஷாட்டில் கால்கள் தரையில் வழுக்குவதுபோல் இருக்கும். இந்த ஷாட்களில் ஓவியத்தையும் பிரேமுக்கு ஒன்றாக வரையுங்கள், அல்லது கணினி உறுப்பையும் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை மட்டும் நகர்த்துங்கள். கேமரா ஓடினால் முதல் வழிதான் பாதுகாப்பு. கோட்டுத் தடிமன், நிழல் விழும் திசை இரண்டையும் அப்போதே பொருத்திப் பார்க்க வேண்டும்.

சில்வரின் உடலை க்ளென் கீன் கையால் வரைந்தார், இயந்திரக் கையை எரிக் டேனியல்ஸ் கணினியில் செய்தார். முழுப் படத்தில் இறங்கும் முன், டிஸ்னியின் பழைய ‘பீட்டர் பான்’ படத்தின் வில்லன் கேப்டன் ஹுக் வரும் காட்சி ஒன்றில் அவன் கையை அழித்துவிட்டுக் கணினிக் கையைப் பொருத்திச் சோதித்தார்கள். உங்களிடம் பழைய காட்சி இல்லாவிட்டால், பாத்திர வடிவம் முடிவாகும் முன்பே ஐந்து நொடி சோதனை ஷாட் ஒன்றை வரைந்துவிடுங்கள். அதில் கேமரா ஒருமுறையாவது நகர வேண்டும்.