அமீனா பணி: சம்மன் சார்வு முதல் ஜப்தி வரை

தமிழ்நாட்டின் உரிமையியல் நீதிமன்றங்களில் பெய்லிஃப் பதவியில் இருப்பவரை ஊரார் அமீனா என்றே அழைக்கிறார்கள். அமீனா வந்து நின்றாலே மானம் போயிற்று என்று எண்ணும் தெருவில், அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஜப்தி வாரண்ட் அல்ல, வெறும் சம்மன்தான். ஆகவே வாசலில் நின்று உரக்கப் பெயர் சொல்லி அழைக்காமல், அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரியத்தைத் தாழ்ந்த குரலில் சொல்வது பாதி எதிர்ப்பை அங்கேயே தணித்துவிடும்.

சம்மனைச் சார்வு செய்யும், அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கும், முறையை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5இல் வகுத்துள்ளது. இயன்றவரை பிரதிவாதியிடமோ, அவருடைய அதிகாரம் பெற்ற முகவரிடமோ நேரில் கொடுத்து, அசல் சம்மனில் கையொப்பம் பெற வேண்டும். அவர் வீட்டில் இல்லை, நியாயமான காலத்துக்குள் அவரைக் காணும் வாய்ப்பும் இல்லை, முகவரும் இல்லை என்றால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். ஆண்களிடம் மட்டுமே கொடுக்கலாம் என்றிருந்த நிலை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாறியது. இருந்தும் "வீட்டில் ஆண்கள் இல்லை" என்று எழுதித் திரும்பும் பழக்கத்தைச் சிலர் இன்னும் விடவில்லை. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்பதை விதியே தெளிவாகச் சொல்கிறது.

கையொப்பமிட மறுத்தாலோ, உரிய முயற்சி எடுத்தும் பிரதிவாதியைக் காண முடியாமல், வாங்கிக்கொள்ள வேறு எவரும் இல்லாமல் போனாலோ, நகலை வெளிக்கதவிலோ வீட்டின் கண்ணில் படும் இடத்திலோ ஒட்ட வேண்டும். வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "கதவில் ஒட்டிச் சார்வு செய்தேன்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தச் சூழலில் ஒட்ட நேர்ந்தது, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பவற்றை அவர்களுடைய பெயர், முகவரியோடு எழுத வேண்டும். எதிர்த்தரப்பு வராத நிலையில் வழங்கப்பட்ட ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரிப் பிரதிவாதி பின்னாளில் மனுச் செய்யும்போது, நீதிமன்றம் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த அறிக்கையைத்தான். அறிக்கையோடு பிரமாண வாக்குமூலம் இல்லையெனில் அமீனாவையே நீதிமன்றம் பிரமாணத்தின் பேரில் விசாரிக்க வேண்டும் என்பதால், போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியவர் கூண்டில் திணறுவார்.

ஜப்திக்குச் செல்லும்போது நேரம் முக்கியம். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் குடியிருப்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. வீடு, தீர்ப்புப்படி பணம் தர வேண்டிய கடனாளியின் வசம் இருந்து, அவர் உள்ளே விட மறுத்தாலன்றி வெளிக்கதவை உடைக்க இயலாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள் ஆகியவற்றை அதே சட்டத்தின் பிரிவு 60 காக்கிறது. டிக்ரியை, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணையைத் தனக்குச் சாதகமாகப் பெற்ற டிக்ரிதாரர் உடன் வந்து எதையெதையோ சுட்டிக்காட்டுவார். அவர் அவசரத்துக்கு அமீனா ஆடக் கூடாது.

கலகம் நேரலாம் என்று தோன்றினால், முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, போலீஸ் பாதுகாப்புக்கான உத்தரவு பெற்றபின் செல்வதே முறை. டிக்ரிப்படி சொத்தைச் சுவாதீனம் எடுக்கும் (வசப்படுத்தும்) இடத்தில் மூன்றாம் நபர் உரிமை கோரித் தடுத்தால், அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று தீர்ப்பது அமீனாவின் வேலை அன்று. தடுத்தவரின் பெயரையும் அவர் கூறியதையும் குறித்துக்கொண்டு திரும்பினால், டிக்ரிதாரர் கட்டளை 21, விதி 97இன் கீழ் மனுச் செய்துகொள்வார். கைகலப்பாக மாறினால் விலகி வந்துவிடுவது நல்லது. பணியைத் தடுப்பதும் தாக்குவதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221, 132 பிரிவுகளின் கீழ்க் குற்றங்கள் என்பதால், அந்தக் கணக்கைப் பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம்.

கைது வாரண்ட் என்றால், பணத்துக்கான டிக்ரியில் பெண்ணைக் கைது செய்ய இடமில்லை. கடனாளி டிக்ரித் தொகையையும் கைதுச் செலவையும் அங்கேயே செலுத்தினால் உடனே விடுவிக்க வேண்டும். எந்த வாரண்ட் ஆனாலும், நிறைவேற்றிய நாளையும் முறையையும் அதிலேயே எழுதி, திருப்ப வேண்டிய கடைசி நாள் கடந்திருந்தால் தாமதத்தின் காரணத்தையும், நிறைவேறாமல் போயிருந்தால் அதன் காரணத்தையும் குறித்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.