ஒக்கினாவா வழியில் கராத்தே பழகுவது எப்படி

கராத்தேயில் சில வருடம் ஓட்டியவர்கள், இது பிறந்த ஊரில் இதை எப்படிப் பழகுகிறார்கள் என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்த ஊர் ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவு. அங்கே ஒன்னா என்ற கிராமத்தில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த காலத்தில் மாலை நேரங்களில் தீவின் தலைநகர் நாஹாவுக்குப் போய், கோஜு ரியூ என்ற கராத்தே மரபின் டோஜோ (பயிற்சிக்கூடம்) ஒன்றில் பழகினேன். எங்கள் சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, எழுபதைத் தாண்டிய வயது. மாடியில் அவர் வீடு, கீழே டோஜோ. அந்த ஊரில் பல டோஜோக்கள் இப்படி வீட்டோடு சேர்ந்த சின்ன இடங்கள்தான்.

2008-இல் ஒக்கினாவாவின் நான்கு பெரிய கராத்தே அமைப்புகள் சேர்ந்து, மரபுக் கராத்தேயைக் காக்க ஒரு பொதுச் சங்கம் அமைத்தன. அந்த ஊரில் எந்தச் சங்கத்தின் நோக்கங்களைப் பார்த்தாலும் பெரும்பாலும் நாலு விஷயம் இருக்கும்: கட்டா என்று முன்னோர் கொடுத்த அசைவு வரிசைகளைச் சிதைக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது, உடம்பை ஆயுள் முழுக்கப் பேணுவது, மரியாதை, முதல் அடியை நாம் அடிக்காமல் இருப்பது. இந்த ஒவ்வொன்றுக்கும் டோஜோவில் தினசரி ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யச் செய்யத்தான் கொள்கை உடம்பில் ஏறும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே வேலைகளைச் சொல்கிறேன்.

முதல் வேலை, தரை. பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, இரண்டு கையாலும் தரையில் அழுத்திப் பிடித்து, குனிந்தபடியே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். தொடைக்கும் முதுகுக்கும் அதுவே நல்ல பயிற்சி. சிமெண்டுத் தரையோ மொட்டை மாடியோ என்றால் பெருக்கினால் போதும். ஆனால் இதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் வெள்ளை பெல்ட்காரர்களுக்கும் தள்ளிவிடாதீர்கள். கறுப்பு பெல்ட் கட்டியவரும் துணியை எடுக்க வேண்டும். அங்கே சென்செய் வயதை ஒத்த மாணவர் ஒருவர் எங்களோடு சேர்ந்து துடைப்பார். யாரும் அவர் கையிலிருந்து துணியை வாங்க மாட்டார்கள்.

அப்புறம் வணக்கம். இடது முழங்காலை முதலில் ஊன்றி உட்காருங்கள். எழும்போது வலது கால் முதலில். முன்சுவருக்கு ஒரு வணக்கம், ஆசிரியருக்கு ஒன்று, ஒருவருக்கொருவர் ஒன்று. கோஜு ரியூ டோஜோவின் முன்சுவரில் வழக்கமாக ஹிகாஓன்னா கன்ரியோ (1853–1915), அவர் சீடர் மியாகி சோஜுன் (1888–1953) படங்கள் இருக்கும். தலை தாழ்ந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று எழுங்கள். அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு எழுவது வணக்கத்தில் சேராது.

கட்டாவில்தான் மனசு அலையும். அடுத்தது எப்போது சொல்லித் தருவார்கள் என்று இருக்கும். ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் என்பது அந்த ஊரின் பழைய கணக்கு. நம் சூழலில் அது முடியாமல் போகலாம். குறைந்தபட்சம் ஒரே ஒரு கட்டாவைச் சொந்தமாக எடுத்துக்கொண்டு தினமும் செய்யுங்கள். கோஜு பழகுபவர் என்றால் சான்சின் என்பேன். கால்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். முன்காலின் குதிகால், பின்காலின் விரல் நுனிக்கு நேராக வரட்டும். விரல்கள் சற்று உள்பக்கம், முழங்கால் லேசாக மடிந்து, இடுப்பு கொஞ்சம் முன்னால் சுருட்டி, தோள் கீழே இறங்கி இருக்கட்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மூடிய கைமுட்டி ஒன்றின் அளவு இடைவெளி. மூச்சை மூக்கால் இழுத்து, அடிவயிற்றில் நிறுத்தி, வாயால் விடுங்கள். தொண்டையை இறுக்கிச் சத்தம் போட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இறுக்கம் இல்லாமல், இயல்பான மூச்சில் மட்டும் செய்யுங்கள். இது விளையாட்டில்லை.

கூடப் பழகுபவரை வைத்துச் சரிபார்க்கலாம். அவர் உங்கள் பின்னால் நின்று தோள்மேல் இரு கையையும் வைத்து மெல்ல அழுத்தட்டும். பிறகு அக்குளுக்குக் கீழே, தொடையின் வெளிப்பக்கம். எங்கே தளர்வு, எங்கே வீண் இறுக்கம் என்று அந்தக் கை சொல்லிவிடும். இதற்கு ஷிமே என்று பெயர். மேடைகளில் முதுகில் ஓங்கி அடித்துக் காட்டுவார்கள். எங்கள் சென்செய் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பெரும்பாலும் இரண்டு விரலால் தோளைத் தொடுவார், தோள் தானாக இறங்கும்.

கட்டாவை அழகுக்காக மாற்றாதீர்கள். போட்டி மேடைக்காகக் காலை இன்னும் உயர்த்துவது, நடுவில் நீளமாக நிறுத்துவது எல்லாம் ஒரு தலைமுறையிலேயே உள்ளே இருக்கும் தடுப்பையும் பிடியையும் காணாமல் ஆக்கிவிடும். சந்தேகம் வந்தால், இந்த அசைவு எதிராளியின் எந்தப் பிடிக்குப் பதில் என்று ஒருவரை நிறுத்தி வைத்துச் செய்து பாருங்கள்.

ஆயுளுக்கும் உடம்பைப் பேணுவதற்கு அங்கே கல்லும் கட்டையும்தான் கருவி. சி இஷி என்ற எடைக்கல்லை வீட்டிலேயே செய்யலாம். இரும்புக்கடையில் மண்வெட்டிக் காம்பு வாங்கி 40 செ.மீ. அளவுக்கு ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நாலைந்து ஆணியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாதி அடித்து, தலையை நீட்டிக்கொண்டே விடுங்கள். கான்கிரீட் பிடித்துக்கொள்ள அதுதான் பிடிமானம். ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பாவில் அந்த முனையை நட்டு, ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு பொடி ஜல்லி கலந்து நிரப்புங்கள். டப்பா நிறைந்தால் சுமார் 2.4 கிலோ வரும். ஆரம்பத்துக்கு அது தாராளம். காம்பு நேராக நிற்கும்படி முட்டுக் கொடுத்து, ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். காம்புக்கு வார்னிஷ் வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

பழகும்போது முன்னும் பின்னும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி, பாதங்களை வெளியே திருப்பி, இடுப்பை இறக்கி நில்லுங்கள். காம்பின் கோடியைப் பிடித்து, கல்லைத் தரையிலிருந்து எடுத்துத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் நீட்டி, கல் மேலே நிமிர்ந்து நிற்க ஒரு மூச்சு நேரம் பிடித்து, மெதுவாக இறக்குங்கள். வீசி எறிகிற வேகம் கூடாது. மணிக்கட்டு மடங்கியது என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடலாம். பிடிக்கு நிகிரி காமே என்ற மண்ஜாடிகள் உண்டு. அகலமான விளிம்புள்ள ஜாடி இரண்டு கிடைத்தால் விளிம்பை விரல் நுனியால் பற்றி, கையைத் தொங்கவிட்டு, சான்சின் அடியில் நடங்கள். முதலில் வெறும் ஜாடி, பலம் ஏறியதும் கொஞ்சம் கொஞ்சமாக மணல்.

மாக்கிவாரா அடிக்கும் பலகை. ஒக்கினாவாவின் பழைய கராத்தே ஆசிரியர் இத்தோசு அன்கோ 1908-இல் எழுதிய பத்து அறிவுரைகளில், ஒவ்வொரு கையாலும் நூறு இருநூறு முறை அடிக்கச் சொல்கிறார். அதைப் படித்துவிட்டு முதல் நாளே நூறில் தொடங்காதீர்கள். பத்து அடி, மெதுவாக, முதல் இரண்டு விரல்களின் கணு மட்டும் படும்படி. தோல் கிழிந்தால் ஆறும்வரை தொடக்கூடாது. வளரும் பிள்ளைகளை அதன் பக்கமே விடாதீர்கள். அவர்கள் எலும்பு இன்னும் முற்றவில்லை.

முதல் அடி அடிக்காமைக்கும் பயிற்சி உண்டு. மியாகி 1940-ஐ ஒட்டி உருவாக்கிய கெக்கிசாய் கட்டா, மேல்தடுப்பில்தான் தொடங்குகிறது. ஜோடியாகப் பழகும்போதும் அந்த ஒழுங்கிலேயே போங்கள்: எதிராளி உண்மையாக அசையும்வரை காத்திருந்து, அப்புறம் தடுத்து, அப்புறம் பதில். வகுப்புக்கு வெளியே யாராவது சீண்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்வதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்: பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது கைவரிசை காட்டினாயா?

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மியாகி தன் சீடர் யாருக்கும் டான் பட்டம், அதாவது கறுப்பு பெல்ட்டின் படிநிலை, தரவில்லை. அவர் மறைந்த பிறகுதான் சீடர்கள் அந்த முறைக்கு வந்தார்கள். ஆகவே ஒக்கினாவா வழி என்று பெயர்ப் பலகை வைத்த வகுப்பில் சேரும் முன், பெல்ட் எத்தனை மாதத்தில் என்று கேட்காமல், உங்கள் ஆசிரியரின் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வர வேண்டும். வகுப்பில் வயதானவர்கள் பழகுகிறார்களா என்றும் பாருங்கள்.

ஒக்கினாவாவுக்கே போக முடிந்தால், நாஹாவை ஒட்டிய டொமிகுசுகுவில் 2017-இல் திறந்த கராத்தே கைக்கான் என்ற கராத்தே மாளிகையில் ஒரு தகவல் மையம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு டோஜோ தேடித் தருவார்கள். அக்டோபர் 25 அங்கே கராத்தே தினம், அதை ஒட்டிப் போனால் நிறையப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதுங்கள், உங்கள் ஆசிரியரின் அறிமுகக் கடிதத்தோடு போங்கள். முதல் நாள் என்ன பெல்ட் கட்டலாம் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கட்டணத்தை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் இதே கட்டாவை வேறு மாதிரி செய்வோம் என்ற பேச்சை எடுக்க வேண்டாம். பயிற்சி முடிந்து தரையைத் துடைத்தானதும் சில இடங்களில் சன்பின் சா என்ற மல்லிகைத் தேநீர் வரும். உடனே கிளம்பாமல் உட்காருங்கள், உங்கள் கேள்விகளை அந்த நேரத்தில் கேட்கலாம். பழைய ஆசிரியர்களைப் பற்றி அவர்களும் அப்போதுதான் பேசத் தொடங்குவார்கள்.