புது கோல்ஃப் டிரைவர்: ஃபிட்டிங் கூண்டில் நடக்கும் தவறுகள்

டிரைவர் என்பது கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப் (மட்டை). அதை ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுக்க அடித்துப் பார்க்கும் ஃபிட்டிங் கூண்டுக்குள் நுழைந்ததும் பலருக்கு ஸ்விங்கே (மட்டையை வீசும் விதமே) மாறிவிடும். எதிரே திரை, பக்கத்தில் ஃபிட்டர், ஒவ்வோர் அடிக்கும் யார்டு கணக்கு. வழக்கமாக மணிக்கு 90 மைல் வேகத்தில் அடிப்பவர் அங்கே மூச்சைப் பிடித்து 97 தொடுவார். அந்த வேகத்துக்குப் பொருத்தமான விறைப்பான ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) வாங்கிக்கொண்டு வருவார். களைத்துப்போன பதினாலாவது ஹோலில் அந்த வேகம் எங்கிருந்து வரும்? பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் ஓடும். (வலக்கைக்காரர்களை வைத்தே சொல்கிறோம்.)

ஆகவே அயர்னில் (இரும்புத் தலையுள்ள சிறிய கிளப்பில்) பத்துப் பதினைந்து பந்து அடித்து உடம்பைச் சூடாக்குங்கள். அதன்பின் பழைய டிரைவரில் பத்துப் பந்து. அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவது பெரிய தவறு. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் எந்தப் புது கிளப்பும் ஜெயித்துவிடும். நீங்கள் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள்; தேய்ந்த ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்தில் வேகமும் ஸ்பின்னும் (சுழற்சியும்) பொய்க்கணக்கு காட்டும். லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் வேகம், தூரத்தைக் கணக்கிடும் கருவியில்) கடல்மட்டத்திலிருந்து எந்த உயரம் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஊட்டி உயரத்தை வைத்துக்கொண்டு சென்னையில் கிளப் விற்றால், கூடுதல் யார்டுக்குக் காரணம் மெல்லிய காற்றுதான்.

எண்களைவிட முக்கியமானது, பந்து ஃபேஸில் (கிளப்தலையின் அடிக்கும் முகத்தில்) எங்கே படுகிறது என்பது. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் லேசாகத் தெளித்தால் ஒவ்வோர் அடியும் தடம் பதிக்கும். 90 மைல் ஸ்விங் நடுவில் பட்டால் பந்தின் வேகம் 135 வரை போகும், அதாவது ஒன்றரை மடங்கு. திரையில் 126 என்று வந்தால் 9 மைல் வீண். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2 யார்டு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தடம் நடுவுக்குக் கீழே விழுந்தால் ஸ்பின் ஏறும். நிமிடத்துக்கு 3500 சுற்று என்று பார்த்தவுடன் லாஃப்டைக் (ஃபேஸின் சாய்வுக் கோணத்தைக்) குறைக்கச் சொல்வது நோய் ஒன்று, மருந்து வேறு. முதலில் டீயை (பந்தை வைக்கும் குச்சியை) உயர்த்துங்கள், பாதிப் பந்து கிளப்தலைக்கு மேல் தெரியட்டும். தடம் சிதறிக் கிடந்தால் நீளத்தைச் சந்தேகியுங்கள். விதி 48 அங்குலம் வரை அனுமதிக்கிறது, கடையில் பெரும்பாலும் 45.5-க்கு மேல்தான் இருக்கும். பலருக்கு அதுவே அதிகம். அதே கிளப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்துப் பத்துப் பந்து அடியுங்கள். தடங்கள் நெருங்கி வந்தால் 44.5 அல்லது 45 கேளுங்கள். அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங்வெயிட் (வீசும்போது தலை கனக்கும் அளவு) சுமார் 3 புள்ளி இறங்கி, தலை காற்றாடி மாதிரி இருக்கும். அதை ஈடுகட்ட தலையில் 5, 6 கிராம் சேர்க்க வேண்டும்.

12 டிகிரி லாஃப்ட் என்றால் கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வேகம் குறைந்தவர் கையில் 9 டிகிரி டிரைவர் பந்தைக் காற்றில் நிறுத்தாது. திருகி மாற்றும் ஹோசலில் (தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில்) லாஃப்டைக் கூட்டினால் ஃபேஸும் இடப்பக்கம் மூடும். ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் பந்து) அடிப்பவருக்கு அது லாபம், ஹூக் (இடப்பக்கம் வளையும் பந்து) அடிப்பவருக்குத் தொல்லை.

ஷாஃப்டில் விறைப்பைக் குறிக்க ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்பாக இருக்கலாம். எடையிலிருந்து தொடங்குங்கள்: 50 கிராம், 60 கிராம் இரண்டையும் அடித்துப் பார்த்து, பந்துகள் எவ்வளவு அகலத்தில் சிதறுகின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு பந்து 260 யார்டு போனது என்பதற்காக எதையும் வாங்க வேண்டாம். ஐம்பது பந்துக்கு மேல் உடம்பு தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு வரும் எண்களையும் தள்ளிவிடுங்கள்.

ஆர்டர் சீட்டில் லாஃப்ட், ஹோசல் நிலை, ஷாஃப்டின் முழுப் பெயர், எடை, நீளம், ஸ்விங்வெயிட், கிரிப் அளவு எல்லாம் எழுதி வாங்குங்கள். கம்பெனி பொருத்தி அனுப்பும் ஷாஃப்டும் தனியாக விற்கும் ஷாஃப்டும் ஒரே பெயரில் வேறு வேறாக இருப்பதுண்டு. கிளப் வந்ததும் டேப்பால் அளந்துவிட்டு, அதே கூண்டில் பவுடர் தெளித்துப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.