ஷாங்காயை மெட்ரோவில் ஒரே நாளில் சுற்றுவது எப்படி?

ஷாங்காயைப் பார்க்க டாக்சியும் வேண்டாம், சுற்றுலா பஸ்ஸும் வேண்டாம், மெட்ரோ போதும். விசா, விடுதி எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே செயலியில் பாஸ்போர்ட் விவரங்களையும் வங்கி அட்டையையும் சேர்த்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வரும் என்பதால், இந்த வேலையை அங்கே போய்ச் செய்ய நினைக்காதீர்கள்.

2. எனக்கு அதிக நேரம் பிடித்த கட்டம் இது. செயலியின் போக்குவரத்துப் பகுதியில் நகரத்தை ஷாங்காய் என்று மாற்றி, மெட்ரோவுக்கான கியூஆர் குறியீட்டைத் தொடங்க வேண்டும். பெய்ஜிங் போய்விட்டு வருபவர்களுக்குப் பழைய நகரமே திரையில் நிற்கும். நகரத்தின் பெயரைப் பார்த்துவிட்டுக் கைபேசியை நீட்டுங்கள். குறியீடு அடிக்கடி மாறுவதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பயனில்லை. உள்ளே போகக் காட்டிய அதே கைபேசியை வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். கட்டணம் அப்போதுதான் கணக்காகும். எனவே பவர்பேங்க் கட்டாயம்.

18 யுவான் கொடுத்தால் 24 மணி நேரப் பாஸ் கிடைக்கும். ஆனால் 6 கிலோமீட்டர் வரை 3 யுவான்தான், அதற்கு மேல் 10 கிலோமீட்டருக்கு 1 யுவான் கூடும். கீழே உள்ள சுற்றுக்குப் பாஸ் வாங்குவது வீண் செலவு என்பேன்.

3. காலையில் 10ஆம் தடத்தில் யூயுவான் நிலையத்தில் இறங்குங்கள். மிங் அரசவம்சக் காலத்து யூயுவான் தோட்டம் அருகிலேயே இருக்கிறது. கூட்டம் சேரும் முன் போய்விடுவது நல்லது. ஒவ்வொரு நிலையத்திலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். சிறிய பையாக எடுத்துச் செல்லுங்கள்.

4. அதே தடத்தில் அடுத்த நிலையம் கிழக்கு நான்ஜிங் சாலை. அங்கே 2ஆம் தடத்துக்கு மாறினால், ஹுவாங்பு ஆற்றுக்கு அடியில் போகும் ரயில் அடுத்த நிலையமான லுஜியாசுயியில் இறக்கிவிடும். 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம்.

5. பிறகு 2ஆம் தடத்திலேயே மேற்கே ஜிங்ஆன் கோயில். இருட்டும் நேரத்தில் கிழக்கு நான்ஜிங் சாலைக்குத் திரும்பி, ஆற்றங்கரையான பண்டுக்கு நடந்து போங்கள். எதிர்க்கரையின் விளக்குகளை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

வரைபடத்துக்கு ஆமேப் என்ற சீனச் செயலி என் தேர்வு. எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதை எண்ணோடு சொல்கிறது. பெரிய நிலையங்களில் வாசல் மாறினால் சாலையின் மறுபக்கம் போய் நிற்போம்.

பின்சேர்க்கை: ஒரே கைபேசியில் குடும்பம் முழுவதும் போக முடியுமா என்று பலர் கேட்டார்கள். முடியாது, ஆளுக்கொரு குறியீடு வேண்டும். இல்லாதவர்களுக்கு நிலைய இயந்திரத்தில் ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவருடன் 1.3 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தை ஒன்று இலவசமாகப் போகலாம்.