மரத்தூள் உறிஞ்சும் குழாய்க்கு எர்த்: வீட்டுப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறண்ட நாளில் இழைப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மரத்தூளை உறிஞ்சிச் செல்லும் பிவிசி குழாயின் அருகே கையைக் கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து நிற்கும். தொட்டால் விரலில் சுளீரென்று அடிக்கும். தூள் குழாயின் சுவரில் உரசிக்கொண்டே ஓடுவதால் சேரும் நிலைமின்னே இதற்குக் காரணம். குழாயின் வெளிப்புறத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் இணைப்பது பலரும் செய்யும் பரிகாரம். அதில் தவறில்லை; அதனால் குழாய் முழுவதும் எர்த் ஆகிவிட்டது என்று நம்புவதுதான் தவறு. பிவிசி மின்கடத்தாப் பொருள் என்பதால், அதன் மேற்பரப்பில் ஓரிடத்தில் தேங்கிய மின்னேற்றம் சற்றுத் தள்ளியிருக்கும் கம்பிவரை நகர்ந்து வராது. கம்பி தன்னை ஒட்டியிருப்பதை மட்டும் வடித்துவிடும்; கையில் அடிப்பது குறையும், அவ்வளவே. கம்பியைக் குழாயின் உள்ளே இழுத்தாலோ, நீண்ட சீவல்கள் அதில் மாட்டி வளைவுகள் அடைத்துக்கொள்ளும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, எர்த்தில் சேராத உலோகத்தைக் குழாய்ப் பாதையில் விட்டுவைப்பது. பிவிசியைத் தொட்டால் தொட்ட இடத்தைச் சுற்றியுள்ள மின்னேற்றம் மட்டுமே வெளியேறும். தனித்து நிற்கும் உலோகமோ, தன்னிடம் சேர்ந்த அனைத்தையும் ஒரே பொறியாகக் கொட்டிவிடும். ஆகவே, அலுமினிய நாடாவைச் சுற்றிவிட்டு எதிலும் இணைக்காமல் விடுவதைவிட வெறும் பிவிசியே மேல். இரண்டு பிளாஸ்டிக் குழாய்களுக்கு நடுவே மாட்டிய உலோக அடைப்புக் கதவுக்கும் இது பொருந்தும்.

சுருள் கம்பி வைத்த வளையும் ஹோஸிலும் இதே கவனக்குறைவு நேர்கிறது. அந்தக் கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால், கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் அது இயந்திரத்தைத் தொடாது. இரு முனைகளிலும் சில சென்டிமீட்டர் உறையைச் சீவி, கம்பியை வெளியே எடுத்து, பெயிண்டைச் சுரண்டிய உலோகப் பரப்பில் திருகாணியால் பிடிக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் விடக் கூடாது. நிலைமின் வடிவதற்கு 1 மெகாஓம் வரையிலான தடையே போதும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் நிலைமின் வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ 77 கூறுகிறது. ஆயினும் முழுவதும் உலோகமான பாதையில் 10 ஓமுக்கு மேல் காட்டினால், எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

குழாயில் சுற்றிய செம்புக் கம்பியின் மறுமுனை சேர வேண்டிய இடம், மூன்று பின் பிளக் வழியே எர்த் பெற்ற இயந்திரத்தின் உடல். பழைய வீடுகளில் சாக்கெட்டின் எர்த் துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. அதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். எர்த் இல்லையே என்று நியூட்ரலில் இணைத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. நியூட்ரல் ஓரிடத்தில் அறுந்தால், அதில் இணைத்த உலோகம் அனைத்திலும் 230 வோல்ட் ஏறிவிடும்.

எர்த் சரியாக இருக்கிறது என்பதற்காகத் தீப்பிடிக்காது என்று இருந்துவிடுவதும் தவறே. தரையைக் கூட்டும்போது உள்ளே போன ஆணி, விசிறியின் இரும்பு இறக்கையில் மோதிப் பொறி பறக்கலாம். அந்தக் கனல் பையிலுள்ள தூளுக்குள் புதைந்து, பட்டறையைப் பூட்டிச் சென்று சில மணி நேரம் கழித்தும் புகையத் தொடங்கலாம்.