கூடையைத் தூக்கிவிட்டு ஒரு பாய் விரியுங்கள்

விளையாடி முடித்ததும் "எல்லாத்தையும் எடுத்து வை" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. எங்கே வைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமே. பிள்ளைகளே சாமானை எடுத்துச் செய்து கற்கும் மாண்டிசோரி வகுப்பில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இப்போது வீட்டில் பேத்தியோடு அதே வேலையைச் செய்கிறேன்.

முதல் வேலை நம்முடையது. பேத்தியின் விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒரே பெரிய கூடையில் கிடந்தது. அடியில் இருக்கும் சொப்பு வேண்டுமென்றால் கூடையைக் கவிழ்க்காமல் என்ன செய்வாள்? அதைத் தூக்கிவிட்டு, பழைய செருப்பு ஸ்டாண்டு ஒன்றைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். அவள் நெஞ்சு உயரம்தான். அதில் எட்டே சாமான், ஒவ்வொன்றும் தனித் தட்டில். மீதி பரணில். வாரம் ஒருமுறை இரண்டை இறக்கி இரண்டை ஏற்றுவேன்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய பள்ளியிலும் முதலில் பூட்டிய அலமாரிதான். ஒருநாள் ஆசிரியை பூட்ட மறக்க, பிள்ளைகளே வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் கைக்கெட்டும் திறந்த அலமாரி வந்தது. 1939-ல் அவர் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அடுத்தது பாய். மூன்றடிக்கு இரண்டடியில் சின்னக் கோரைப்பாய். விளையாட்டு அதற்குள்தான். முடிந்ததும் தட்டு ஸ்டாண்டுக்கு, பாய் மூலைக்கு. பாய் சுருட்டுவதை வாயால் சொல்லாதீர்கள், கையால் காட்டுங்கள். ஓரத்தில் மண்டியிட்டு, இரண்டு கட்டைவிரலையும் மேலே வைத்து, மற்ற விரல்களால் விளிம்பை மடித்து, மெதுவாக உருட்டுங்கள். பாதியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்துங்கள். அந்தத் தட்டல்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவர்கள் சுருட்டுவது கோணலாகத்தான் வரும். அவர்கள் கண்ணெதிரே பிரித்துத் திரும்பச் சுருட்டாதீர்கள். என் பேத்திக்கு இது பழக மூன்று வாரம் ஆனது.

தூக்கம் வரும் நேரத்தில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். குளிக்கப் போகும் முன் சரியான நேரம். அடம் பிடித்தால், "பாய் பாட்டிக்கு, தட்டு உனக்கு" என்று பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். சாக்லேட் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு அது இல்லாமல் கை அசையாது.

கடைசியாக, தட்டில் ஒரு சொப்பு குறைந்தால் அப்படியே விடாதீர்கள். இரண்டு பேரும் குனிந்து கட்டிலுக்கடியில் தேடுங்கள். கிடைத்ததும் அவளே கொண்டுபோய் வைக்கட்டும்.