மண்ணீரல் தமனிப் புடைப்பு: வலி அடங்கியது என்று நம்பிவிடாதீர்கள்

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் இடது மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுகிறார். சலைன் ஏற்றியதும் ரத்த அழுத்தம் மீள்கிறது, முகம் தெளிகிறது. வாயுப் பிடிப்பு என்று வார்டில் படுக்கவைக்கிறார்கள். சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ மறுபடி சரிகிறார். இம்முறை மீட்பது அரிது.

மண்ணீரலுக்குப் போகும் தமனியின் சுவர் நைந்து, குமிழாகப் புடைத்து, வெடித்ததால் வந்த வினை இது. வயிற்று உறுப்புகளின் தமனிகளில் இப்படிப்பட்ட புடைப்பு (அனியூரிசம்) அபூர்வம். வந்தால் பெரும்பாலும் இங்கேதான். முதலில் கசியும் ரத்தம் இரைப்பைக்குப் பின்னுள்ள சிறு அறையில் தேங்கி, தன் அழுத்தத்தாலேயே ஓட்டையை அடைக்கிறது. அறை நிரம்பியதும் பக்கத்துத் திறப்பு வழியே வயிறெங்கும் கொட்டுகிறது. காப்பாற்ற முடிந்த நேரம் இந்த இடைவெளிதான்; அதைத் தேறுதல் என்று எண்ணுவதே ஆகப் பெரிய தவறு என்பேன். உடனே அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும். சிசுவுக்குக் கதிர்வீச்சு படுமே என்று அஞ்சி, தேவையான சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. தாய் போனால் சிசுவும் பிழைப்பது அரிது.

புடைப்பின் அளவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. மண்ணீரல் தமனியில் 3 செ.மீ.க்குக் குறைந்து, தொந்தரவும் இல்லையென்றால் பொதுவாகக் கண்காணித்தால் போதும். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு செல்லாது. எந்த அளவானாலும் சரிசெய்ய வேண்டும். கணையத்தையும் முன்சிறுகுடலையும் சுற்றிய தமனிகளில் சின்னஞ்சிறு புடைப்பும் வெடிக்கும். வேறெதற்கோ எடுத்த எக்ஸ்-ரேயில் இடது விலாவுக்கடியில் மோதிரம்போல் சுண்ணாம்பு வளையம் தெரிந்தால், அது இந்தப் புடைப்பின் சுவராக இருக்கலாம்; அதை ரிப்போர்ட்டோடு மடித்து வைத்துவிடாதீர்கள்.

கணைய அழற்சிக்குப் பின் வரும் நீர்க்கட்டி என்று நினைத்து ஊசி குத்துவது கொடிய தவறு. உள்ளே இருப்பது, தமனிச் சுவர் கிழிந்து வெளியே தேங்கி ரத்தம் பாயும் போலிப் புடைப்பாக இருக்கலாம். முதலில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் மருந்து) செலுத்திய சி.டி. எடுக்க வேண்டும்.

சிகிச்சையிலும் சறுக்கல் உண்டு. புடைப்புக்கு முன்பக்கம் மட்டும் காயில் (குழாயை அடைக்கும் உலோகச் சுருள்) வைத்தால், இரைப்பையின் சிறு தமனிகள் வழியே ரத்தம் பின்புறமாகத் திரும்பி வரும். இருபுறமும் அடைக்க வேண்டும். திட்டமிட்டு மண்ணீரலை எடுப்பதாக இருந்தால், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை 2 வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.